சிரம்பான் தோட்டத்து டாக்டர் துறவியான கதை



போன மாதம் சமய வகுப்பு முடிந்து நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தேன். வகுப்புக்கு ஒழுங்காக வரும் ஒரு தம்பி மட்டும் வீட்டுக்குப் போகாமல் நின்றான். வயது 23. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. மற்ற பிள்ளைகள் எல்லாரும் மோட்டாரை எடுத்துக்கொண்டு கிளம்பும்வரை காத்திருந்துவிட்டு, மெதுவாக விஷயத்துக்கு வந்தான். துறவியாகிவிட வேண்டும் என்று தோன்றுகிறதாம். வேலையை விட்டுவிட்டு ரிஷிகேசம் போகலாமா என்று யோசிக்கிறானாம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லையாம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன்னா அவன் வயதில் நானும் இதே யோசனையில் இருந்தவன்தான். எஸ்.டி.பி.எம். தேர்வில் தவறிவிட்டு, ஒரு தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்ட் பார்த்துக்கொண்டு, உலகம் மாயை என்று எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். தேர்வு முடிவு மட்டும் நல்லபடியாக வந்திருந்தால் உலகம் எனக்கு மாயையாகத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான். அப்போது எங்கள் கிளையில் இருந்த ஒரு பெரியவர் என்னைத் திட்டவும் இல்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. நீ பிறந்த இதே சிரம்பானில் வேலை பார்த்த ஒரு டாக்டர் இருந்தார், அவர் எப்படிச் சாமியார் ஆனார் என்று முதலில் தெரிந்துகொள் என்று சொன்னார். அந்தக் கதையைத்தான் அன்று ராத்திரி அந்தத் தம்பிக்கும் சொன்னேன். சுவாமி சிவானந்தரின் கதை.

படத்தில் எல்லாரும் பார்த்திருப்பீங்க. மழித்த தலை, உயரமான கனத்த உடம்பு, குளிர் காலமானால் காவிக்கு மேலே ஒரு பெரிய ஓவர்கோட்டு. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் குப்புசுவாமி. 1887 செப்டம்பர் 8-ஆம் தேதி, திருநெல்வேலிப் பக்கம் தாமிரபரணி பாயும் பத்தமடையில் பிறந்தார். கல்யாணப் பாய்க்குப் பேர்போன ஊர் அது. அப்பா வெங்கு ஐயர் எட்டயபுரம் ஜமீனில் அதிகாரியாக இருந்தவர். அம்மா பார்வதி அம்மாள். பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த பெரும் பண்டிதர் அப்பைய தீட்சிதரின் வம்சம் என்று சொல்லுவாங்க. எட்டயபுரத்தில் பள்ளிப் படிப்பு, திருச்சியில் கல்லூரி, பிறகு தஞ்சாவூரில் மருத்துவப் படிப்பு. விடுமுறைக்குக்கூட வீட்டுக்குப் போகாமல் ஆஸ்பத்திரியிலேயே கிடந்த மாணவர் அவர். ஆனால் அப்பா இறந்துவிட்டார், அம்மாவுக்கும் உடம்பு முடியாமல் போனது. படிப்பைப் பாதியில் விட வேண்டியதாயிற்று.

இந்த இடத்தில் தம்பியை நிறுத்திக் கேட்டேன், படிப்பு பாதியில் நின்றுபோன ஆள் அடுத்து என்ன செய்திருப்பார் என்று. அவன் பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த பதில் ராத்திரி ஷிப்டும் மாயையும்தான். குப்புசுவாமி 1909-இல் 'அம்ப்ரோஸியா' என்று ஒரு மருத்துவப் பத்திரிகை தொடங்கினார். அம்மா கொடுத்த நூறு ரூபாய்தான் முதல். உடம்பைப் பேணுவது எப்படி, நோய் வராமல் தடுப்பது எப்படி என்று அவரே எழுதி, அவரே அச்சுக்குக் கொடுத்து, அவரே அனுப்பிவைத்தார். ஏறக்குறைய நான்கு வருடம் நடந்தது. இன்று அந்தத் தம்பிக்கு என்ன வயதோ, அந்த வயதில் அவர் ஒரு பத்திரிகாசிரியர்.

1913-இல் கப்பலேறினார். மலாயாவில் ரப்பர் சூடுபிடித்திருந்த காலம். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டு, கங்காணிமார் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். நம்மில் பல பேருடைய பூட்டனும் பூட்டியும் வந்து இறங்கியது அந்தக் காலத்தில்தான். ஆசாரமான வீட்டுப் பிள்ளை என்பதால் கப்பல் சாப்பாட்டைத் தொட மனம் வரவில்லை. அம்மா செய்து கொடுத்த இனிப்புப் பலகாரங்களைத் தின்றே அத்தனை நாளும் ஓட்டினார். சிங்கப்பூரில் இறங்கும்போது பாதி உயிர்தான். கையில் காசு இல்லை. ஒரு டாக்டர் கொடுத்த அறிமுகக் கடிதம் அவரைச் சிரம்பானுக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

சிரம்பான் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் சொந்த ஆஸ்பத்திரி இருந்தது. அதை நடத்தும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. தோட்டத்துத் துரை கோபக்காரர், ஆளும் பெரிய ஆள். ஓர் ஆஸ்பத்திரியைத் தனியாளாக நடத்த முடியுமா என்று அவர் கேட்டதற்கு, மூன்றைக்கூட நடத்துவேன் என்று இந்தப் பத்தமடைக்காரர் பதில் சொன்னதாக வரலாறு. சம்பளம் 150 வெள்ளி. அந்தக் காலத்தில் அது சின்னத் தொகை இல்லை.

மலேரியாவும் வயிற்றுப்போக்கும் கொக்கிப்புழுவும் தோட்ட மக்களைத் தின்றுகொண்டிருந்த நேரம் அது. லயத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் வீடு முழுக்கப் படுத்துவிடும். பால் வெட்டப் போகாவிட்டால் அன்றைக்குக் கூலி கிடையாது. அந்த மக்களுக்கு ஏறக்குறைய ஏழு வருடம் அவர்தான் டாக்டர். ஏழைகளிடம் காசு வாங்குவதில்லை. மருந்தோடு சேர்த்துச் சில பேருக்குத் தன் பையிலிருந்து கைச்செலவுக்கும் கொடுத்தனுப்புவார். நோய்களுக்கான தமிழ்ப் பெயர்களைத் திரட்டி ஒரு புத்தகம், வீட்டு மருந்துகள் பற்றி ஒன்று, பழங்களைப் பற்றி ஒன்று என்று எழுதவும் செய்தார்.

அதே சமயம், அப்போதே சாமியார் போல இருந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாகச் சம்பாதித்தார், நன்றாகச் செலவும் செய்தார். உயர்ந்த துணிமணி, மோதிரம், தங்கச் சங்கிலி, எல்லாம் அவருக்குப் பிடிக்கும். கடைக்குப் போனால் பேரம் பேச மாட்டாராம். எனக்கு இந்தப் பகுதி ரொம்பப் பிடிக்கும். இல்லாதவன் விடுவதற்கு என்ன இருக்கிறது? அவரிடம் விடுவதற்கு நிறைய இருந்தது.

1920-இல் ஜொகூர் பாருவுக்கு மாறினார். அங்கே ஒரு மருத்துவ நிறுவனத்தில் மூன்று வருடம் வேலை. நல்ல பெயர், நல்ல வருமானம். வீட்டுக்கு வரும் சாதுக்களுக்கும் யாத்திரிகர்களுக்கும் சாப்பாடு போட்டுத் தங்கவைப்பார். அப்படி வந்த ஒரு சாதுவுக்கு உடம்பு சரியில்லாமல் போக, இவர் கூடவே இருந்து வைத்தியம் பார்த்தார். அந்த சாது போகும்போது 'ஜீவ பிரம்ம ஐக்கியம்' என்ற வேதாந்த நூல் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த நூல் அவரைப் பிடித்துக்கொண்டது. பிறகு கீதை, உபநிடதம், சங்கரர், விவேகானந்தர் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தார். அதிகாலையில் ஜபமும் தியானமும் தொடங்கின.

இந்த இடத்தில் என் அபிப்பிராயம் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு புத்தகம் படித்தார், சாமியாராகிவிட்டார் என்று கதை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. பத்து வருடம் அவர் மலாயாவில் பார்த்தது மரணத்தை. மருந்து கொடுத்துக் காப்பாற்றியவன் அடுத்த மழைக்கு மறுபடி காய்ச்சலோடு வருவான். உடம்பைச் சரிசெய்யலாம், உடம்போடு வரும் துன்பத்துக்கு என்ன மருந்து என்ற கேள்வி அவருக்குள் முன்பே ஊறிக்கிடந்திருக்க வேண்டும். புத்தகம் வந்த நேரம் அது பொங்கி வழிந்தது, அவ்வளவுதான்.

1923-இல் வேலையை விட்டார். அப்போது வயது 35. தோல்வி இல்லை, கடன் இல்லை, யார்மீதும் கோபம் இல்லை. ஊரில் இரண்டு அண்ணன்மார் இருந்தார்கள். மதராசில் இறங்கியதும் சாமான்களை ஒப்படைத்துவிட்டுக் காசிக்குப் போனார். விசுவநாதரைத் தரிசித்துவிட்டு மராட்டிய தேசத்துக்கு நடந்தார். நாசிக், பூனா, அங்கிருந்து கால்நடையாகவே பண்டரிபுரம். பிச்சை கேட்டுப் பழக்கமில்லாத மனிதர். பசித்த வயிற்றோடு ஒரு வாசலில் நின்று கேட்க நா எழாமல் தவித்தார். மரத்தடியில் மெல்லிய துணியோடு படுத்துக் குளிரில் நடுங்கினார். கடைசியில் சந்திரபாகா நதிக்கரையில் ஒரு சிற்றூர்ப் போஸ்ட்மாஸ்டர் வீட்டில் சில மாதங்கள் தங்கினார். சும்மா தங்கவில்லை. சமைத்தார், தண்ணீர் சுமந்தார், வேலைக்காரனைப் போல அந்த வீட்டு வேலையெல்லாம் செய்தார். ஜொகூரில் சமையல்காரர் வைத்திருந்த டாக்டர்! தனிமையில் தவம் செய்ய நல்ல இடம் எது என்று அவர் கேட்டபோது, ரிஷிகேசத்துக்குப் போகச் சொன்னவர் அந்தப் போஸ்ட்மாஸ்டர்தான்.

1924 மே மாதம் ரிஷிகேசம் வந்தார். ஜூன் 1-ஆம் தேதி கங்கைக் கரையில் சுவாமி விசுவானந்த சரஸ்வதி அவருக்கு சந்நியாசம் கொடுத்தார். ஆதிசங்கரர் வழிவந்த பத்துப் பெயர்களில் சரஸ்வதி ஒன்று. அப்படித்தான் குப்புசுவாமி, சுவாமி சிவானந்த சரஸ்வதி ஆனார்.

சந்நியாசம் வாங்குவது என்றால் காவி வேட்டி கட்டிக்கொள்வது என்றுதான் நம்மில் நிறைய பேர் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். விரஜா ஹோமம் என்று ஒரு சடங்கு உண்டு. அதற்கு முன்னால், உயிரோடு இருக்கும்போதே தனக்குத் தானே சிராத்தம் செய்துகொள்ள வேண்டும். செத்துப்போனவருக்குப் பிள்ளை செய்வதை இவர் தனக்கே செய்துகொள்கிறார். குடுமியும் பூணூலும் போய்விடும். பிறந்த குடும்பம், சாதி, சொத்து, பெயர், எல்லாம் அந்தத் தீயோடு போய்விடும். எந்த உயிருக்கும் என்னால் பயம் வேண்டாம் என்று உறுதி கொடுக்க வேண்டும். அதனால்தான் சந்நியாசி இறந்தால் தகனம் இல்லை, சமாதி வைக்கிறார்கள். நெருப்புக்குக் கொடுக்க வேண்டியதை முன்பே கொடுத்தாயிற்று.

அம்மா? தம்பி இதைத்தான் கேட்டான். நம் மரபு அம்மாவை மட்டும் அவ்வளவு சுலபமாக விட்டுவிடச் சொல்லவில்லை. ஆதிசங்கரர் காலடியில் தாயின் சம்மதத்தை வாங்கிக்கொண்டுதான் வீட்டை விட்டுப் புறப்பட்டார், தாய்க்குக் கடைசிக் காரியம் செய்யத் திரும்பியும் வந்தார் என்பது நம் வழக்கு. எல்லாவற்றையும் உதறிய பட்டினத்தாரும் அம்மா இறந்தபோது சிதையருகே வந்து நின்றவர்தான். முதலில் வீட்டில் போய்ச் சொல்லு என்று தம்பியிடம் சொன்னேன். வீட்டில் சொல்லவே தைரியம் இல்லையென்றால் கங்கைக் கரைக்குப் போய் என்ன செய்யப்போகிறோம்?

சுவர்காசிரமம் என்பது ரிஷிகேசத்தில் கங்கையின் அக்கரையில் இருக்கும் சாதுக்களின் குடியிருப்பு. அங்கே ஒரு சிறு குடிலில் சிவானந்தர் தவம் செய்தார். விடியுமுன் பனிக்கட்டி போன்ற கங்கையில் இடுப்பளவு இறங்கி நின்று ஜபம். காலி கம்ப்ளிவாலா சத்திரத்தில் சாதுக்களுக்குத் தினமும் ரொட்டியும் பருப்பும் பிச்சையாகக் கொடுப்பார்கள். தினமும் போய் நிற்பதில் தவ நேரம் போகிறதே என்று, காய்ந்த ரொட்டிகளைச் சேர்த்துவைத்து, கங்கைத் தண்ணீரில் நனைத்துச் சாப்பிட்டார். தனக்கென்று கட்டுப்பாடுகளை எழுதிவைத்து, நாட்குறிப்பில் தன்னைத்தானே கணக்குக் கேட்டார். இன்றைக்கு எத்தனை தடவை கோபம் வந்தது, எத்தனை வீண் பேச்சுப் பேசினோம் என்று.

ஆனால் பக்கத்துக் குடிலில் ஒரு சாது காய்ச்சலில் முனகினால் தவத்திலிருந்து எழுந்துவிடுவார். மருந்து, கஞ்சி, கால் பிடித்துவிடுவது, துணி துவைப்பது, எல்லாம் அவர். ஒரு யாத்திரிகருக்கு ஒரு நாள் மருந்து கொடுத்து அனுப்பினார். ராத்திரி படுத்தபிறகு, அந்த நோய்க்கு இன்னொரு மருந்து இதைவிட நல்லது என்று தோன்றியது. விடிந்ததும் அந்த மருந்தை எடுத்துக்கொண்டு, முன்னே போய்விட்ட ஆளைத் தேடி மலைப்பாதையில் பல மைல் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

1927-இல் இன்னொன்று நடந்தது. முன்பு எடுத்த காப்புறுதிப் பணம் கைக்கு வந்தது. துறவி பணத்தைத் தொடலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். விதிப்படி பார்த்தால் நியாயமான கேள்விதான். அவர் அதை உதறிவிட்டுப் பெயர் வாங்கியிருக்கலாம். வாங்கி, லட்சுமண ஜூலாவில் யாத்திரிகர்களுக்கும் சாதுக்களுக்கும் ஓர் இலவச மருந்தகம் தொடங்கினார். சம்பளத்தையும் மோதிரத்தையும் விட்டார், வைத்தியத்தை விடவில்லை. சிரம்பானில் லயத்து ஜனங்களுக்குச் செய்ததையே இங்கே செய்தார். ஒரு வித்தியாசம், இப்போது அதைச் செய்கிற ஆளுக்குத் தனக்கென்று எதுவும் வேண்டியிருக்கவில்லை. எனக்கு இந்தக் கதையில் புரிந்தது இதுதான், மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

1931-இல் கைலாச யாத்திரை. 1934-இல் கங்கையின் இந்தப் பக்கம் வந்து, பாழடைந்து மாட்டுக்கொட்டகையாகக் கிடந்த ஓர் இடத்தைச் சுத்தம் செய்து சில சீடர்களோடு தங்கினார். இன்று மலைச்சரிவில் அடுக்கடுக்காகத் தெரியும் ஆசிரமத்தின் ஆரம்பம் அந்தக் கொட்டகைதான். 1936-இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கம், 1938-இல் பத்திரிகை, 1943 டிசம்பர் 3 முதல் இடைவிடாத மகாமந்திர கீர்த்தனை, 1948-இல் யோக வேதாந்தப் பயிற்சிக்கூடம் என்று வளர்ந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட நூல்கள் எழுதினார். பல ஆயிரம் பிரதிகளைச் சும்மாவே தபாலில் அனுப்பினார். அம்ப்ரோஸியா ஆசிரியர் எங்கேயும் போய்விடவில்லை, பாருங்கள்.

குகையில் உட்கார்ந்து கண்ணை மூடலாம் என்று கனவோடு வந்த இளைஞர்களுக்கு அவர் கொடுத்தது தட்டச்சு இயந்திரமும் சமையல் பாத்திரமும். கடிதங்களுக்குப் பதில் எழுதுவது, அச்சுப்பிழை திருத்துவது, பார்சல் கட்டுவது, நோயாளிக்குச் சேவை செய்வது. விடியற்காலை தியானம், ராத்திரி சத்சங்கம், இரண்டுக்கும் நடுவில் இந்த வேலை. 1943-இல் வந்த சத்யானந்தர் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் இப்படியே உழைத்தார். அதே வருடம் வந்த ஸ்ரீதர் ராவ், சென்னை லயோலா கல்லூரிப் பட்டதாரி, வசதியான குடும்பம். அவருக்கு சந்நியாசம் கிடைத்தது 1949 குரு பூர்ணிமையில். ஆறு வருடம்! அவர்தான் பின்னாளில் உலகறிந்த சுவாமி சிதானந்தர். தொழுநோயாளிகளைத் தன் கையால் தொட்டுக் கழுவியவர்.

எல்லாரையும் இப்படிக் காக்கவைக்கவும் இல்லை. சாதி பார்க்காமல், பெண்களுக்கும், வெளிநாட்டாருக்கும் தாராளமாகவே காவி கொடுத்தார் சிவானந்தர். ஜெர்மனியில் பிறந்து கனடாவில் வாழ்ந்த ஒரு பெண்மணி 1956-இல் சிவானந்த ராதா என்ற பெயரில் சந்நியாசி ஆனார். ஆசாரவாதிகள் இதையெல்லாம் குறை சொன்னார்கள். இப்படி அள்ளிக் கொடுத்தது சரிதானா என்று எனக்கும் சில சமயம் தோன்றியதுண்டு. தகுதி பார்த்துக் கொடுப்பதற்கும், கொடுத்தால் தகுதி வரும் என்று நம்பிக் கொடுப்பதற்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. அவர் நம்புகிற பக்கம் நின்றார்.

அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு நாள் சாட்சி. 1950 ஜனவரி 8, ராத்திரி சத்சங்கம். ஆசிரமத்திலேயே தங்கியிருந்த ஓர் ஆள் கோடரியோடு வந்து இருட்டில் சிவானந்தர் தலையைக் குறிவைத்து வெட்டினார். தலைப்பாகை காப்பாற்றியது. பிடித்தவர்கள் அடிக்கப் பாய்ந்தார்கள். சிவானந்தர் தடுத்தார். போலீஸ் தண்டிக்க வேண்டாம் என்றார். மறுநாள் அந்த ஆளைப் போய்ப் பார்த்து, வணங்கி, பழமும் புத்தகமும் ஜபமாலையும் கொடுத்து, துணைக்கு ஆள் சேர்த்து ஊருக்கு அனுப்பிவைத்தார். நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒரு வார்த்தை தவறிப் போட்டால் நாம் எத்தனை நாள் பேசாமல் இருக்கிறோம்!

அதே வருடம் செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை இந்தியா முழுக்கவும் இலங்கைக்கும் ஒரு பயணம் போனார். மலாயாவுக்குத் திரும்பி வரவேயில்லை. 1963 ஜூலை 14-ஆம் தேதி கங்கைக் கரையிலேயே மகாசமாதி அடைந்தார். அவர் வராவிட்டாலும் அவருடைய சங்கம் நம் நாட்டுக்கு வந்துவிட்டது. பத்துமலைக்குத் தைப்பூசத்துக்குப் போகிறவர்கள் அங்கே இருக்கும் சிவானந்த ஆசிரமத்தையும் ஒரு நாள் எட்டிப் பாருங்கள்.

நான் ஏன் போகவில்லை என்று தம்பி கேட்டான். உள்ளதைச் சொன்னேன். அந்தப் பெரியவர் எனக்கு ஒரே ஒரு வேலை வைத்தார். நாற்பது நாள், விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து குளித்து ஒரு மணி நேரம் ஜபம் செய், நாற்பத்தோராவது நாள் நானே உனக்கு டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்றார். பதினோராவது நாள் தூங்கிவிட்டேன். பிறகு மறுபடி தேர்வு எழுதினேன். டிக்கெட் பாக்கி இன்னும் பாக்கியாகவே இருக்கிறது. அதே நாற்பது நாளைத் தம்பிக்கும் கொடுத்திருக்கிறேன். இதை எழுதும்போது அவன் இருபத்தாறாவது நாளில் இருக்கிறான். தவறவில்லை என்கிறான், எனக்கே கொஞ்சம் கலக்கமாகத்தான் இருக்கிறது.

போன வாரம் அவன் அம்மா போன் செய்தார்கள். வீட்டில் சொல்லிவிட்டான் போலிருக்கிறது. என் பிள்ளைக்கு என்ன தம்பி சொல்லிக்கொடுத்தீங்க என்று கேட்டபோது குரல் உடைந்திருந்தது. இந்தக் கதையை அவர்களுக்கும் முதலிலிருந்து சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்கள். அந்த டாக்டர் எத்தனை வருடம் வேலை பார்த்துவிட்டுப் போனார் என்று கேட்டார்கள். பத்து என்றேன். ஆறு வருடம் காத்திருந்த அந்தப் பட்டதாரிப் பிள்ளையின் பெயரை மறுபடி சொல்லச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை.

பிறகு, அங்கே குளிர் அதிகமாமே, சாப்பாட்டுக்குச் சோறு கிடைக்குமா என்று கேட்டார்கள்.